குதிகால் அசையாத பூட்ஸ்

2023 பிப்ரவரியில் காஷ்மீரில் இருக்கிற குல்மர்க் போயிருந்தோம். முதல் நாள் சாயங்காலம் விடுதி அறையில் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்ஸை உருவினேன். வலது காலில் மெட்டியைக் காணவில்லை. விரல் இரண்டு பக்கமும் பொம்மென்று வீங்கி அதை மூடிவிட்டிருந்தது. என் கணவர் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்துக் கொண்டுவந்தார். மெல்ல மெல்லச் சுழற்றி, கால் மணி நேரம் கழித்துத்தான் மெட்டி கையில் வந்தது. பெருவிரல் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி, நாவல்பழ நிறத்தில் இருந்தது. அந்த நகம் ஏப்ரல் மாதம் டெல்லியில் தானாகக் கழன்று விழுந்தது.

அன்று காலையில்தான் முதல் முறையாக ஸ்னோபோர்டில், பனியில் சறுக்குகிற பலகையில், ஏறியிருந்தேன். நிறைய விழுந்தேன். முட்டியில் அடி, மணிக்கட்டில் வலி, இடுப்பில் பிடிப்பு எல்லாம் எதிர்பார்த்ததுதான். கால்விரல்களுக்கு என்ன ஆனது என்றுதான் புரியவில்லை. பூட்ஸ் சின்னதாகப் போயிருக்கும் என்றார் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள்தான் தெரிந்தது, பூட்ஸ் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது டிசம்பர் பிறந்தாலே குல்மர்க், அவுலி, சோலாங் என்று கிளம்பிவிடுகிறார்கள். தெரிந்தவர்களில் சிலர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த போர்டு வாங்கலாம் என்று. போர்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பூட்ஸைப் பலகையோடு பூட்டுகிற பைண்டிங் அதோடு சேர்ந்தே வரும், சொந்தமாக ஒரே ஒரு பொருள் வாங்குவதாக இருந்தால் பூட்ஸை வாங்குங்கள் என்பேன். அதையும் எப்படி வாங்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

வாடகைக் கடையில் நடந்தது இதுதான். என்ன சைஸ் என்று கேட்டார்கள். ஏழு என்றேன், நான் போடுகிற ஓட்டக் காலணியின் எண் அது. அந்த எண்ணுக்குப் பக்கமாக ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார்கள். கால் உள்ளே போனதும் கொஞ்சம் ஆடியது. இன்னொரு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், குளிருக்கும் நல்லது என்றார்கள். போட்டேன். மெத்தையில் கால் வைத்த மாதிரி இருந்தது. ஆஹா, எவ்வளவு சொகுசு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தச் சொகுசு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்பா மத்தியப் பொதுப்பணித் துறையில் வரைவாளர். ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு. ஒவ்வொரு ஏப்ரலிலும் பள்ளி திறக்கும் நேரத்தில் கரோல் பாக் போய் கறுப்பு ஷூ வாங்குவோம். கடைக்காரர் சரியான அளவை மாட்டிவிட்டால் அப்பா, “அடுத்த நம்பர் எடுங்க, வளர்ற பிள்ள” என்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மூக்குப் பக்கம் பஞ்சைத் திணித்துக் கொடுப்பாள். இரண்டு வருஷம் அந்த ஷூ ஓட வேண்டும். பஞ்சு முதல் வருஷத்துக்கு, கால் இரண்டாம் வருஷத்துக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்பா ஊரில் ஒன்பதாம் வகுப்பு வரை வெறுங்காலில் நடந்து பள்ளிக்கூடம் போனவர். எனக்கு ஷூ வாங்கித் தந்ததே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் அதோடு ஒரு எண்ணமும் உடம்பில் ஊறிப்போகிறது. செருப்போ ஷூவோ காலில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். வாசலில் குனியாமல், கையால் தொடாமல் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு முறை கட்டிய லேஸை அவிழ்க்காமலேயே மாதக்கணக்கில் காலை நுழைத்து எடுக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நம்முடைய வெயிலுக்கும் வாசலுக்கும் அது சரி. ஸ்னோபோர்டுக்கு அந்த எண்ணம் ஒத்துவராது.

மறுநாள் பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைப் பனியில் உட்காரச் சொன்னார். தங்மார்க் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். என் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் மேலே தூக்குங்கள் என்றார். தூக்கினேன். பூட்ஸ் அவர் கையிலேயே இருந்தது. என் குதிகால் உள்ளே இரண்டு விரற்கடை மேலே வந்தது. “ஏடி நஹீ ஹில்னி சாஹியே, மேடம்” என்றார். ஏடி என்றால் இந்தியில் குதிகால். எங்கள் ஊர்ப் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல்லும் அதுதான். அதனாலோ என்னவோ, அந்த வாக்கியம் எனக்கு மறக்கவே இல்லை. ஏடி அசையக் கூடாது.

ஏன் அசையக் கூடாது என்பதற்கு ஸ்னோபோர்டு எப்படித் திரும்புகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு காலும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டியிருக்கும். உடம்பு பக்கவாட்டில் போகும். பலகைக்கு இரண்டு நீள விளிம்புகள்: ஒன்று கால்விரல் பக்கம், இன்னொன்று குதிகால் பக்கம். கையில் ஸ்கீக்காரர்களைப் போலக் கம்பு கிடையாது. நிற்பது, திரும்புவது, வேகத்தைக் குறைப்பது எல்லாமே இந்த இரண்டு விளிம்புகளில் எதைப் பனியில் ஊன்றுகிறோம் என்பதில்தான். குதிகால் விளிம்பு ஆரம்பத்தில் ஓரளவு எளிது, பின்னால் சாய்ந்து உட்காருகிற மாதிரி. கால்விரல் விளிம்பில்தான் சிக்கல். முட்டியை மடக்கி, கணைக்கால் எலும்பைப் பூட்ஸின் நாக்கில் சாய்த்து அழுத்த வேண்டும். அப்போது பூட்ஸ் பைண்டிங்கோடும் பலகையோடும் சேர்ந்து சாய வேண்டும். பூட்ஸ் பெரிதாக இருந்தால் கால் மட்டும் உள்ளே எழும்புகிறது. நாம் செய்த அசைவு பூட்ஸுக்குள்ளேயே தீர்ந்துபோகிறது, பலகைக்குப் போய்ச் சேருவதில்லை. காம்பு ஆடுகிற மண்வெட்டியால் கொத்துவது மாதிரி. பலகை கேட்கவில்லையே என்று இன்னும் எக்கி நிற்கிறோம். பத்து நிமிஷத்தில் ஆடுசதை பிடித்துக்கொள்கிறது.

விரல் வீங்கியதற்கும் நகம் கறுத்ததற்கும் காரணம் அதே கதைதான். கால் ஆடுகிறது என்று லேஸை என் பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டினேன். லேஸ் இழுத்தால் பூட்ஸின் நீளம் குறையுமா? குறையாது. பாதத்தின் மேல்பக்கம்தான் அழுந்தியது. இரண்டு சாக்ஸும் சேர்ந்து நெருக்க, ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போயின. விரல் முன்னால் இடமோ காலி. ஒவ்வொரு முறை பலகை நின்றபோதும் கால் முன்னால் வழுக்கிப் போய் நகம் முட்டியது. ஒரு நாளில் எத்தனை நூறு முறை முட்டியிருக்குமோ!

பயிற்சியாளரே வேறொரு கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு அளவு குறைவான பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். போட்டு எழுந்ததும், விரல் நுனி முட்டுகிறதே என்றேன். முட்டியை மடக்கச் சொன்னார். மடக்கினேன். குதிகால் பின்னால் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. விரல்கள் நுனியிலிருந்து விலகின. “நிமிர்ந்து நின்றுகொண்டா ஓட்டப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அன்று மத்தியானம் கால்விரல் விளிம்பில் முதல் முறையாக நின்றேன். மலையைப் பார்த்தபடி, மூன்று நான்கு விநாடி. பலகை என் பேச்சைக் கேட்டது.

டெல்லி திரும்பியதும் சொந்தமாக பூட்ஸ் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இங்கேதான் அப்பா வருகிறார். ஓய்வு பெற்று மயூர் விஹாரில் எங்களோடு இருக்கிறார். ஸ்னோபோர்டு பூட்ஸுக்கு ஏழு, எட்டு என்ற எண்ணைவிட மாண்டோபாயிண்ட் என்ற அளவுதான் நம்பகமானது. பாதத்தின் நீளம் எவ்வளவோ அதையே சென்டிமீட்டரில் சொல்வது அந்த அளவு. 24.5 என்றால் இருபத்து நாலரை சென்டிமீட்டர் பாதத்துக்கானது. இதைச் சொன்னதும் அப்பா, “அப்போ ஒழுங்கா அளக்கணுமே” என்று எழுந்து போய் தன் பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், சீவி வைத்த 2எச் பென்சில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அளந்தோம். சாயங்காலம் என்பது முக்கியம். நாள் முழுக்க நடந்தும் நின்றும் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், பனியில் இருக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். காலையில் அளந்து வாங்கினால் மாலையில் கடிக்கும். நான் காகிதத்தைச் சுவர் ஓரமாகப் போட்டு குதிகாலை ஒட்டினேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “இங்க வேண்டாம்மா, சுவத்தடியில டைல் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. உன் குதிகால் கீழ ஒரு இடத்துல படும், மேல ஒரு இடத்துல படும். கணக்கு தப்பிடும்” என்றார். இரும்பு அலமாரியின் பக்கவாட்டில் காகிதத்தை நகர்த்தினோம். இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கச் சொன்னார். உட்கார்ந்து அளந்தால் பாதம் சின்னதாகத் தெரியும். எடை இறங்கும்போது உள்வளைவு தாழ்ந்து பாதம் நீளும். மூலைமட்டத்தை விரல் நுனியில் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு. எனக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். பெருவிரலில் வைக்கப் போனவர் நிறுத்தி, அடுத்த விரலுக்கு மாற்றினார். பிறகு பாதத்தின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் கோடு போட்டார்.

“இடது இருநூத்தி நாப்பத்தொண்ணு. வலது இருநூத்தி நாப்பத்திமூணு. அகலம் தொண்ணூத்தெட்டு.” எல்லாம் மில்லிமீட்டர். இரண்டு காலும் ஒரே அளவு இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பெரிய காலுக்குத்தான் பூட்ஸ் வாங்க வேண்டும். 243 என்றால் 24.5. நான் அத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்த ஓட்டக் காலணியின் உள்பட்டையைப் பார்த்தோம். 26 என்று அச்சடித்திருந்தது. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் அதிகம்! அப்பா அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நான்தான் உன்னைப் பெருசு பெருசா போடப் பழக்கிட்டேன்” என்றார்.

அவர் மட்டும் இல்லை. சென்னை அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு காலணி அளவுமுறை கொண்டுவருவதற்கான வேலை அது. பாரதத்தின் முதல் எழுத்தை வைத்து ‘பா’ என்று அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாம் இப்போது பேசுகிற ஆறு, ஏழு எல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன எண்கள். அந்த அளவெடுப்பில் தெரிந்தது, நம் பாதம் மேற்கத்தியர்களின் பாதத்தைவிட அகலம். அகலத்தில் கடிக்கிறது என்று நாம் நீளத்தில் ஒன்று கூட்டி வாங்கிவிடுகிறோம். அகலம் சரியாகும், ஆனால் விரலுக்கு முன்னால் காலி இடம் கிடக்கும். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை.

ஆக, நான் தேட வேண்டியது நீளத்தில் குறைவாகவும் அகலத்தில் தாராளமாகவும் இருக்கிற பூட்ஸ். சில நிறுவனங்கள் ஒரே மாடலில் அகலமான வகையையும் தனியாகச் செய்கின்றன. நம் ஆட்களுக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பெண்களுக்கான பூட்ஸ் என்பதும் வெறும் நிறத்தில் இல்லை. பெண்களுக்கு ஆடுசதை கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கும், குதிகால் ஒடுக்கமாக இருக்கும். அதற்கேற்ப பூட்ஸின் மேல்விளிம்பைத் தாழ்த்தி, குதிகால் பள்ளத்தைக் குறுக்கியிருப்பார்கள். வாடகைக் கடையில் நான் போட்டது ஆண்களுடையது.

டெல்லியில் இந்த பூட்ஸை வரிசையாக அடுக்கிவைத்து, அளந்து மாட்டிவிடுகிற கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. டொராண்டோவில் இருக்கிற என் பெரியம்மா மகள் அந்த டிசம்பரில் விடுமுறைக்கு வருவதாக இருந்தாள். ஒரே மாடலில், அகலமான வகையில், 24.5 ஒன்றும் 25 ஒன்றும் வாங்கிவா, ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பக்கத்துப் பக்கத்து அளவில் இரண்டு ஜோடி, திருப்பி அனுப்ப வசதியோடு. படத்தைப் பார்த்து அளவு முடிவு செய்யாதீர்கள்.

அக்கா வந்த இரண்டாம் நாள் கூடத்தில் பாயை விரித்து பூட்ஸோடு உட்கார்ந்தோம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “வீட்டுக்குள்ளயா செருப்பு?” என்றாள். இன்னும் மண்ணே படாத பூட்ஸ் என்று சொன்ன பிறகு விட்டுவிட்டாள்.

முதலில் 25. பூட்ஸ் என்பது இரண்டு அடுக்கு: வெளியே கெட்டியான கூடு, உள்ளே நுரை மெத்தை வைத்த லைனர். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ள வேண்டும். முதலில் லைனரை இழுத்துக் கட்டி, பிறகு வெளிக்கூட்டைக் கட்ட வேண்டும். கட்டி எழுந்து நின்றேன். அருமையாக இருந்தது. விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம். எங்கும் பிடிக்கவில்லை. அக்கா, இதையே வைத்துக்கொள் என்றாள்.

பிறகு 24.5. காலை நுழைக்கவே கஷ்டமாக இருந்தது. நிமிர்ந்து நின்றால் விரல் நுனிகள் முன்பக்கத்தைத் தொட்டன. மடங்கவில்லை, நசுங்கவில்லை, தொட்டன, அவ்வளவுதான். முட்டியை மடக்கியதும் விலகின. குதிகாலைச் சுற்றி யாரோ கையால் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கடையில் ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்திருந்தால் நான் 25ஐத்தான் எடுத்திருப்பேன். அதனால்தான் ஒவ்வொன்றையும் முக்கால் மணி நேரம் போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பூட்ஸோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன், தொலைபேசியில் பேசினேன், முட்டியை மடக்கி நின்றபடியே செய்தி பார்த்தேன்.

அப்புறம் குதிகால் பரிசோதனை. கணவர் கீழே உட்கார்ந்து பூட்ஸின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் முட்டியை முன்னால் தள்ளி, கால்விரலில் எழும்பப் பார்த்தேன். 25இல் முதல் ஐந்து நிமிஷம் குதிகால் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து மெத்தை சூடாகி இளகியதும் நன்றாகவே மேலே வந்தது. 24.5இல் நூலளவு அசைந்தது. அந்த அளவு அசைவு எந்த பூட்ஸிலும் இருக்கும், பயமில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “இது நிக்குது” என்றார்.

இறுக்கம் எந்த அளவு சரி, எது வலி என்பதுதான் புதிதாக வாங்குகிறவர்களுக்குக் குழப்பம். பாவாடை நாடா கட்டுகிற பெண்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தளர்ந்தால் புடவை நிற்காது, அதிகம் இழுத்தால் இடுப்பில் தழும்பு விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் கைக்குத் தெரியும். பூட்ஸிலும் பாதம் முழுவதும் ஒரே சீரான பிடி இருந்தால் நல்லது. ஒரே புள்ளியில் குத்தினால், கணுக்கால் முட்டியிலோ சுண்டுவிரல் எலும்பிலோ, அது பழகப் பழகச் சரியாகும் என்று நம்பி வாங்கக் கூடாது. விரல் மரத்தாலும் எறும்பு ஊர்ந்தாலும் அந்த பூட்ஸ் வேண்டாம். கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் எங்கே ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு 24.5இல் பாதம் முழுக்க மெல்லிய சாக்ஸ் கோடு மட்டும் இருந்தது.

புது பூட்ஸ் கொஞ்சம் அதிகப் பிடிப்பாகவே இருக்க வேண்டும் என்பதற்கு லைனர்தான் காரணம். அந்த நுரை முதல் சில நாள் ஓட்டத்தில் காலுக்கேற்ப அமுங்கி இடம் விடும். வாங்கும்போதே தாராளமாக இருந்தால் ஒரு வாரத்தில் தொளதொளத்துவிடும். பல லைனர்களைக் கடையில் சூடாக்கிக் காலுக்கு அச்சு எடுத்துத் தருவார்கள். அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது, வீட்டு அவனில் வைக்கிற வேலை வேண்டாம். பழைய பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க யோசிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்த லைனர் வேறொருவரின் காலுக்கு அமுங்கி முடிந்துவிட்டது.

சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதோ நடுத்தரமோ, முழங்காலுக்குக் கீழே வரை வருவதாக. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. பருத்தி கூடவே கூடாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், குல்மர்க்கின் 2,650 மீட்டர் உயரத்தில் அந்த ஈரம் ஐஸ் மாதிரி ஆகும். குளிருக்குப் பயந்து இரண்டாவது சாக்ஸ் போட்டால் கால் இன்னும் சில்லிடும். கால் சூடாக இருப்பது ரத்தம் ஓடினால்தான், துணியால் மட்டும் இல்லை. உள்ளாடைப் பேண்டின் நுனியையும் பூட்ஸுக்குள் செருகக் கூடாது, மடிப்பு கணைக்காலில் குத்தும். போட்டுப் பார்க்கும்போதே அந்த சாக்ஸோடுதான் பார்க்க வேண்டும்.

மெட்டி. இதை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் பார்க்க முடியாது, அதனால் நான் எழுதுகிறேன். கழற்றிவிட்டுப் போங்கள். பிடிப்பான பூட்ஸில் மெட்டி பக்கத்து விரலை நாள் முழுக்க அழுத்தும், விரல் வீங்கினால் எடுக்கவும் முடியாது. அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவள் முதல் பயணத்துக் கதையை ஏற்கெனவே கேட்டிருந்தவள். “நாலு நாள்தானே, கழட்டி சாமி படத்துக்கிட்ட வச்சிட்டுப் போ. வந்து போட்டுக்கலாம்” என்றாள். கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. பூட்ஸ் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை ஃப்ளெக்ஸ் என்று ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு விற்பார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் எண்ணும் அதனதன் கணக்கு, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஆரம்பத்தில் இளகலானது போதும், இரண்டிலிருந்து நான்குக்குள். விறைப்பான பூட்ஸ் சின்னத் தப்பையும் உடனே பலகைக்குச் சொல்லிவிடும். கட்டுகிற முறையில் மூன்று வகை உண்டு: சாதாரண லேஸ், கைப்பிடியை இழுத்தால் இறுகுகிற லேஸ், போவா என்கிற திருகு டயல். டயல் வசதியானதுதான், கையுறையோடே திருகலாம். நான் சாதாரண லேஸை எடுத்தேன். மலையில் டயல் கம்பி அறுந்தால் மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவது? லேஸ் அறுந்தால் ஒரு கயிறு கட்டியாவது கீழே வந்துவிடலாம். கணுக்காலில் எங்கு இறுக்கம் வேண்டுமோ அங்கே மட்டும் இறுக்கவும் முடிகிறது. அக்காவுக்கு இதில் என்னோடு உடன்பாடு இல்லை, அவளுடையது இரட்டை டயல்.

குதிகால் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது, மற்றதெல்லாம் சரி என்றால் பூட்ஸையே மாற்ற வேண்டியதில்லை. லைனரின் வெளிப்பக்கம் கணுக்கால் எலும்பைச் சுற்றி ஒட்டுகிற வளைந்த நுரைத் துண்டுகள் கிடைக்கின்றன. உள்வளைவு தாழ்ந்தவர்களுக்கு நல்ல இன்சோல் ஒன்று போட்டாலே பாதம் நீளாமல் நிற்கும். பூட்ஸோடு வருகிற இன்சோல் பெரும்பாலும் பெயருக்குத்தான்.

வாங்குவதற்கு இப்போது கையில் பணம் இல்லை, வாடகைதான் என்றாலும் இதெல்லாம் உதவும். உங்கள் பாதத்தின் மில்லிமீட்டர் அளவை எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் சொந்த சாக்ஸைக் கொண்டு போங்கள். சரிவுக்குக் கிளம்பும் அவசரத்தில் கடைக்குப் போகாமல் முந்தின நாள் சாயங்காலமே போய், மூன்று ஜோடியாவது போட்டுப் பாருங்கள். கூட வந்தவரை பூட்ஸைப் பிடிக்கச் சொல்லிக் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2024 ஜனவரியில் குல்மர்க்கில் பனியே இல்லை. பழுப்பு நிறப் புல்வெளிப் படங்களாக வந்துகொண்டிருந்தன. எங்கள் பயணமும் தள்ளிப் போனது. அந்த ஒரு மாதம் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பாயில் நின்றேன். டெல்லிக் குளிருக்கு அது நன்றாகவும் இருந்தது. லைனர் மெல்ல மெல்ல என் காலாக மாறிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் பனி கொட்டியது, மார்ச் முதல் வாரம் போனோம்.

முதல் இரண்டு நாள் கீழே உள்ள ஆரம்பச் சரிவிலேயே இருந்தேன். அதே பயிற்சியாளர்தான். குதிகால் விளிம்பில் சறுக்கி இடதும் வலதுமாக, இலை உதிர்கிற மாதிரி இறங்குகிற பயிற்சி. பிறகு திரும்பி, கால்விரல் விளிம்பில் அதே பயிற்சி. முட்டியை மடக்கி நாக்கில் சாய்ந்தேன். கால் உள்ளே நகரவில்லை. நான் நினைத்த கணமே பலகை பனியைக் கடித்தது. சர்ரென்று ஒரு சத்தம், பலகை நின்றது. கீழே இறங்கி நின்றபோதுதான் ஒன்று தோன்றியது: காலைப் பற்றி அரை மணி நேரமாக நினைக்கவே இல்லை. மூன்றாம் நாள் கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டத்தில் கோங்டூரி வரை ஏறினேன். அங்கிருந்து மெதுவாக, நிறைய இடத்தில் உட்கார்ந்து எழுந்து, கீழே வரை வந்தேன்.

ஒவ்வொரு சாயங்காலமும் லைனரை உருவி எடுத்து அறையில் தனியாகக் காயவைத்தேன், புகாரிக்கு எட்டத்தில். பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் நுரை கெட்டுப்போகும். நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். பத்தும் பத்திரம்.

மயூர் விஹார் வந்து சேர்ந்தது இரவு பதினோரு மணிக்கு. குளித்துவிட்டு வந்தேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்த மெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் விரலில் போட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி அதனுடைய இடத்தில் போய் உட்கார்ந்தது. அப்பா இன்னும் தூங்கவில்லை. “குதிகால்?” என்று மட்டும் கேட்டார். அசையவே இல்லைப்பா என்றேன்.